தள்ளிக்கோ மாமாவும் டிஸ்க் பிரேக்கும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பிரேக்கை நம்பாமல் வண்டியை நிறுத்தத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தள்ளிக்கோ மாமாதான். இதை நான் கற்பூரம் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த வண்டி நிற்பதற்காக ஓடுகிற வண்டியிலிருந்து கீழே குதித்தவன் நான்.

மாமாவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ரேஷன் கடையில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்பார். கடலூர் மஞ்சக்குப்பம் முழுக்க அவர் தள்ளிக்கோ மாமா. வண்டியைக் கிளப்பினதும் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "தள்ளிக்கோ! தள்ளிக்கோ! தள்ளிக்கோ!" என்று கத்த ஆரம்பித்தால் போய்ச் சேருகிற வரைக்கும் ஓயமாட்டார். ஹாரன் இல்லையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. நன்றாகவே அடிக்கும்.

"ஹாரன் அடிச்சா, ஒதுங்கலாமா வாணாமான்னு நின்னு யோசிப்பான் மாப்ள. கத்திப்பாரு, யோசிக்கவே மாட்டான்" என்பது மாமாவின் கட்சி.

கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். வீட்டுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், மாடியில் வாடகைக்கு நான். எனக்குச் சிதம்பரத்தில் ஒரு ஆபீசில் வேலை. மாமாவுக்குச் சிதம்பரம் மண்டபங்களில் ஆர்டர் ஜாஸ்தி. அப்புறம் என்ன, "பஸ்சுக்கு எதுக்குக் காசு குடுக்கற? நம்ம வண்டியில வா" என்று ஒருநாள் அன்பாகச் சொன்னார். நானும் பல்லை இளித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். விதி யாரை விட்டது!

வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாண்டிச்சேரியில் ஏதோ ஒரு பழைய பங்களாவின் பின்பக்கத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த பிக்கப் அது. முன்னால் ரெண்டு பெரிய வட்ட லைட்டு, வழுவழுவென்று வளைந்த மட்கார்டு, பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. மாமா அந்தக் கோழிகளை விரட்டி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்குத் தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றதாம். இன்றைக்கும் கல்யாண மாப்பிள்ளைகள் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் சரிதான். நிறுத்த முடியாது, அது ஒன்றுதான் குறை.

நாலு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக். மாமா வாராவாரம் சக்கரத்துக்கு அடியில் படுத்து அதை முடுக்கிவிடுவார். அது வாராவாரம் பழையபடி தளர்ந்துகொள்ளும். மழையில் தண்ணீர் உள்ளே போய்விட்டால் சுத்தம். ஈரம் காய்கிற வரைக்கும் பிரேக் பெடல் என்பது கால் வைத்துக்கொள்ள ஒரு இடம், அவ்வளவுதான்.

ஆனால் மாமா அசரமாட்டார். நிறுத்துவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கியரைக் குறைப்பார், வண்டி உறுமும். அப்புறம் பெடலைத் தட்தட்தட் என்று மிதிப்பார். மிதிக்க மிதிக்கப் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். வந்ததும் ரெண்டு காலாலும் அதன்மேல் ஏறி நிற்பார். வாய் பாட்டுக்குத் "தள்ளிக்கோ" சொல்லிக்கொண்டே இருக்கும். டீக்கடை தாண்டுவதற்குள் வண்டி, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். அப்போது ஒரு அலறல் கேட்கும்.

"மாப்ள, கட்டை!"

அது எனக்கு. கடையில் வாடகைக்குக் கிடந்து மூலை உடைந்துபோன பலாமரத்து மணை ஒன்று என் மடியிலேயே இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு குதித்து, வண்டியைவிட வேகமாக ஓடி, முன் டயருக்கு அடியில் போட்டுவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் பையுமாக ஆபீசுக்குப் போகிற மனுஷன் செய்கிற வேலையா இது? ஒருதரம் எங்கள் மேனேஜர் சிதம்பரம் கீழ வீதியில் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, "சைடுல க்ளீனர் வேலைக்குப் போறீங்களா?" என்று ரொம்ப அனுதாபமாகக் கேட்டார்.

எங்கள் தெரு இதற்கெல்லாம் பழகிவிட்டது. பாத்திரம் குலுங்குகிற சத்தம் கேட்டதுமே டீக்கடை மணி பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு கிளாஸ் டீயோடு ரோட்டோரம் வந்து நிற்பார். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே டீ மாமா கைக்குப் போய்விடும். நடுரோட்டில் படுத்திருக்கும் வெள்ளைப் பசு எழுந்து ஓரமாகப் போய் நின்று, வண்டி போனதும் பழைய இடத்திலேயே வந்து படுத்துக்கொள்ளும்.

ஹைவேயில் என்ன செய்வார் என்றுதானே கேட்கிறீர்கள்? மணல்! கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்தெந்த ஊரில் எவன் வீடு கட்டுகிறான், எங்கே மணல் கொட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் மாமாவுக்கு அத்துப்படி. அவசரத்துக்கு ஒரு சக்கரத்தை அதில் ஏற்றிவிடுவார். ஆலப்பாக்கத்தில் ஒருத்தர் வீட்டைக் கட்டி முடித்துப் பால் காய்ச்சிவிட்டார் என்று கேள்விப்பட்டு, "அடப்பாவி, அதுக்குள்ள முடிச்சிட்டானா! மேல ஒரு மாடி எழுப்பக் கூடாதா?" என்று மாமா அங்கலாய்த்ததை என் ரெண்டு காதாலும் கேட்டேன்.

"மாமா, நல்லதா ஒரு பிரேக் போட்டுருங்களேன்" என்பேன்.

"பிரேக்க நம்பி ஓட்றவன்லாம் டிரைவரா மாப்ள? இன்னிக்கி வரைக்கும் ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தியிருப்பனா?"

ஏற்றியதில்லை. அது உண்மை. அதனால் மேலே பேச முடியாது.

பேசினது அத்தைதான். மாமாவின் வீட்டுக்காரி. மாமா ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்துவார், அத்தை மாமாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வார். தெருவே கத்தலுக்கு ஒதுங்கும், மாமா அந்த ஒரு வார்த்தைக்கு ஒதுங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா அத்தையை ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார். முதல் நாள் நல்ல மழை. வழியெல்லாம் தண்ணீர். அதில் பிரேக் நனைந்துபோனதை மாமா கவனிக்கவில்லை. வண்டி நிறுத்துகிற இடம் வந்தது. தாண்டிப் போனது. சுண்டல் வண்டி வந்தது. சுண்டல்காரர் வண்டியோடு ஓடி ஒதுங்கினார். "தள்ளிக்கோ! தள்ளிக்கோ!" என்று மாமா கத்திக்கொண்டே மணலில் இறங்கி, குளித்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு போய், முன் சக்கரத்தில் அலை அடிக்கிற இடத்தில் ஒருவழியாக நின்றார். மீன்காரப் பிள்ளைகள் கயிறு கட்டி, படகை இழுக்கிற மாதிரி "ஏலேலோ" சொல்லி இழுத்துப் போட்டார்கள்.

"கடலப் பாத்தே சொல்லியிருக்கீங்களே, தள்ளிக்கோன்னு!" என்றார் அத்தை. புடவையெல்லாம் ஈரம். "இந்த வண்டி நில்லுன்னா என்னிக்கி நிக்கிதோ, அன்னிக்கி ஏறறேன். அது வரைக்கும் நான் பஸ்தான்."

சொன்னதோடு வீட்டுக்கு நடந்தே வந்தார். மாமா பின்னாலேயே வண்டியில் வந்தார். அத்தையின் நடை வேகத்துக்கு அந்த வண்டியை ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது பாருங்கள் கூத்து. சிதம்பரத்தில்தான் மகள் செல்வியைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே போக வேண்டுமென்றால் அத்தை பஸ் ஏறுவார். மாமா அந்த பஸ்சுக்குப் பின்னாலேயே வண்டியில் போவார். பஸ் ஸ்டாப்பில் நின்றால் இவரும் எங்கேயாவது மணல் பார்த்து ஒதுங்குவார். பஸ் கிளம்பினால் இவரும் கிளம்புவார். முன்னால் போய்விடலாமே என்றால், "அவ தனியா வரா மாப்ள" என்பார். ஜன நெரிசலில் மூச்சுமுட்டிப் போகிற பஸ், அதில் தனியாக வருகிறாளாம்!

ஒருதரம் செல்வி வீட்டு விசேஷத்தில் அத்தை பஸ்ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினார். பின்னாலேயே மாமா வண்டியில் போய் இறங்கினார், நான் கட்டையோடு இறங்கினேன். சம்பந்தியம்மாள் இதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, செல்வியைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, ஒங்க அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சி இருக்காங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

செல்வி அழுதுவிட்டாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறித்ததும் மாமாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் தெருவுக்கே கேட்டது.

"அப்பா, எங்க மாமியார் வூட்டு ஆளுங்க அத்தினி பேரும் வருவாங்க. நீயும் அம்மாவும் ஒரே வண்டில வந்து ஒண்ணா எறங்கணும். தனித்தனியா வர்றதா இருந்தா வரவே வாணாம், ஆமா."

மாமா போனைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"நீங்களும் பஸ்ல வாங்க" என்றார் அத்தை.

"சீர்ப் பாத்திரம், அண்டா, அடுப்பு? அதெல்லாம் ஒன் பஸ்ஸு ஏத்துமா?"

"அப்ப வண்டிய நிக்க வெய்யுங்க."

அன்றைக்கு மாமா டீ குடிக்கவில்லை. மணி கிளாசை நீட்டிக்கொண்டு கூடவே ஓடினார். மாமா வாங்காமலே போய்விட்டார். விஷயம் பெரிசுதான் என்று தெருவுக்கே தெரிந்துபோனது.

மறுநாள் சவுதி பாய் வந்தார். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். சவுதியில் வண்டி வேலை பார்த்துவிட்டுத் திரும்பினவர். "சவுதில ஒருதரம்..." என்று ஆரம்பிக்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றமாட்டார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"சவுதில ஒரு ஷேக் இதே மாரி வண்டி வெச்சிருந்தாரு மாமா. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நான்தான் டிஸ்க் மாத்திக் குடுத்தேன். ஒட்டகம் குறுக்க வந்தாகூட கும்முனு நிக்கும்."

"இங்க ஒட்டகம் இல்ல பாய். டிஸ்க்குன்னா என்னா, அதச் சொல்லு."

பாய் கடையில் கிடந்த ஒரு குண்டானை எடுத்து உள்ளே ரெண்டு கையையும் விட்டு விரித்துக் காட்டினார். "இது ஒங்க டிரம்மு. சட்டிக்குள்ள ரெண்டு கட்டை விரிஞ்சி ஒரசுது. சூடும் உள்ளாறயே, தண்ணியும் உள்ளாறயே." அடுத்து ஒரு தட்டை எடுத்து, அதன் விளிம்பை இடுக்கியால் ரெண்டு பக்கமும் கவ்விப் பிடித்தார். "இது டிஸ்க்கு. புடிச்சா புடிச்சதுதான். தண்ணி பட்டாலும் வழிஞ்சி பூடும். இப்ப சுத்துங்க பாப்போம்."

மாமா தட்டைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. வாசலில் நின்று அத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நிக்குமா பாய்?"

"இன்ஷா அல்லாஹ் நிக்கும்."

"ஆண்டவன் புண்ணியத்துலதான் பாய் இத்தினி நாளா நிக்கிது. பிரேக்கால நிக்குமான்னு கேக்கறேன்."

அப்புறம் ஒரு வாரம் எங்கள் வாசல் ஒர்க்‌ஷாப் ஆகிவிட்டது. பண்ருட்டியில் உடைக்கப் போட்டிருந்த ஒரு வேனிலிருந்து தட்டு, இடுக்கி எல்லாம் வந்தன. பழைய அச்சில் அது உட்காராது என்பதால் நடுவில் வைக்க இரும்பில் ஒரு தாங்கி கடைந்து வந்தது. பெடலுக்கு முன்னால் ஆயிலைத் தள்ளுகிற பழைய சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார்கள். மாமாவுக்குப் பாவம், டிரம்மைக் கழற்றும்போது முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார். "பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?" என்று பாய் கேட்டதற்கு, "யோவ், வாய அலம்பு" என்றார். கடைசியில் அத்தை அதை எடுத்துக்கொண்டு போய், அடி உருண்டையான பெரிய அண்டா உருளாமல் இருக்க அடியில் வைத்துவிட்டார். பொருத்தமாக உட்கார்ந்தது. அந்த டிரம் பிறந்ததிலிருந்து ஒழுங்காக ஒன்றை நிறுத்தி வைத்தது அன்றைக்குத்தான்.

வேலை முடிந்து கடைசியில் ஏர் எடுக்க வேண்டியிருந்தது. பிரேக் குழாய்க்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஒருத்தர் பெடலை மெதுவாக அமுக்கி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். பாய் சக்கரத்துக்கு அடியில் படுத்து ஒரு மரையைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடுவார். மூடினதும்தான் காலை எடுக்கலாம். சின்ன வேலைதான். ஆனால் அமுக்க உட்கார்ந்தவர் யார்? தள்ளிக்கோ மாமா!

"அமுக்குங்க" என்பார் பாய் கீழிருந்து. தட்தட்தட் என்று மேலே சத்தம் கேட்கும்.

"மாமா, ஒருதரம்! ஒரே ஒருதரம் அமுக்கிப் புடிங்க!"

தட்தட்தட்.

"யா அல்லா! மாமா, வுட்ட காத்த நீங்களே உள்ள இஸ்துக்கறீங்க!"

"நான் என்னா பண்ணட்டும் பாய்? காலு கேக்க மாட்டேங்குது."

மாமாவை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். எனக்குக் கட்டைப் பழக்கம் வேறு. பாய் "வுடு" என்று சொன்னதும் கையில் இல்லாத கட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே குதித்துவிட்டேன். வண்டி குலுங்கி ஆயில் கிண்ணம் கவிழ்ந்து, பாயின் தாடியெல்லாம் பிரேக் ஆயில்.

இந்தச் சத்தத்தில் அத்தை டீயோடு வெளியே வந்தார். ஒரு நிமிஷம் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாமா வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சந்தோசப்படாதீங்க. ஓடாத வண்டில ஏறுனா கணக்குல வராது" என்றார் அத்தை. "பாய், சொல்லுங்க."

"அமுக்குங்க அக்கா."

அமுக்கினார். பிடித்தார்.

"வுடுங்க."

விட்டார். அவ்வளவுதான். கத்தல் இல்லை, குதியல் இல்லை. பின் சக்கரம், முன் சக்கரம் என்று பாய் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போனார். மாமா அத்தையின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் தரையைத் தொட்ட பெடல், போகப் போகப் பாதி தூரத்திலேயே நின்றது. கடைசியாக அமுக்கியபோது அத்தையின் முகம் மாறினதை நான் கவனித்தேன். இன்னொருதரம் அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பாய் கீழிருந்து.

அத்தை இறங்கி, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலமே வெள்ளோட்டம். பின்னால் அண்டா குண்டான் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தோம். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. மணி வழக்கம்போலப் பெஞ்சை இழுத்துப் போட்டு டீயோடு ரோட்டோரத்தில் நின்றார். அத்தை கடை வாசலில். பிள்ளையார் கோயில் முனை வந்தது. மாமாவின் கால் என்ன செய்யும் சொல்லுங்கள்! ஆக்சிலேட்டரை விட்டது. தட் என்று ஏறி மிதித்தது. ரெண்டாவது தட்டுக்கு வேலையே இல்லை. வண்டி நட்டுவைத்த மாதிரி பிள்ளையாருக்கு நேராக நின்றுவிட்டது.

வண்டிதான் நின்றது. நான் நிற்கவில்லை. என் மூக்கு டேஷ்போர்டில் போய் நின்றது. பின்னால் இருந்த கரண்டி, வாளி, தட்டு எல்லாம் கேபின்மேல் வந்து மோதின. பெரிய அண்டா ஒன்று தலைக்குமேல் தாவிக் குதித்து, பானெட்டில் ஒரு இடி இடித்து, ரோட்டில் உருண்டு, தெருவெல்லாம் கணகணவென்று சத்தம் போட்டுக்கொண்டு போய், வழக்கமாக மாமா டீ வாங்குகிற இடத்திலேயே மணியின் காலடியில் நின்றது. வெள்ளைப் பசு அதற்கும் எழுந்து ஒதுங்கியது. மணி கையில் டீயை வைத்துக்கொண்டு அண்டாவைப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"மாமா, டீ அங்க வரணுமா, இங்கியே ஊத்தட்டுமா?"

மாமா சமாளித்துக்கொண்டு வண்டியை மறுபடியும் எடுத்தார். தலையை வெளியே நீட்டி, "தள்ளிக்கோ! தள்ளிக்கோ!" என்றார். ஒருத்தரும் நகரவில்லை.

"அதான் புது பிரேக்கு போட்டாச்சில்ல? நிறுத்து மாமா" என்றார் ஒருத்தர், கையைக் கட்டிக்கொண்டு.

நிறுத்தினார். மறுபடியும் என் மூக்கு.

கடை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அத்தை உருண்டுபோன அண்டாவைத் தூக்கி வந்து நசுங்கின இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முன்ன நிக்காமக் கொன்னுது. இப்ப நின்னு கொல்லுது. நான் பஸ்லயே வரேன்" என்றார்.

மாமா அன்றைக்கு என்னிடம் வந்து உட்கார்ந்த உட்காரல் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அத்தனை பெரிய உடம்பு மாடிப்படியில் ஒடுங்கிப்போய்க் கிடந்தது. "வண்டிய மாத்திட்டேன் மாப்ள. இந்தக் கால எந்தப் பட்டறையில குடுத்து மாத்தறது?" என்றார். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டேன். என்ன இருந்தாலும் நம்ம மாமா இல்லையா!

காலை மாற்றத்தான் வேண்டியிருந்தது. மாமாவே ஒரு யோசனை கண்டுபிடித்தார். கடையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து, வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அத்தை உட்காருகிற சீட்டில் வைத்தார். தண்ணீர் சிந்தாமல் நிறுத்த வேண்டும், அதுதான் பரீட்சை. குடத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா? அதற்குத்தான் நான் இருக்கிறேனே. வளைகாப்பு வரைக்கும் தினம் விடிந்ததும் கடற்கரை ரோட்டில் மாமா ஓட்டுவார், நான் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் குடமே காலி, தண்ணீரெல்லாம் என் மடியில். நனைந்த பேண்ட்டோடு ஆபீஸ் போனால் மேனேஜர் என்ன நினைப்பார்? கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மறுநாள் தன் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பூ மாரி மாமா, பூ மாரி வைங்க கால" என்று நான் கத்துவேன்.

"இரு மாப்ள, அவ அமுக்குனா பாத்தியா, அந்த மாரி வைக்கணும்" என்பார். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்குவார். நாளாக நாளாக என் பேண்ட் காய ஆரம்பித்தது.

வளைகாப்பு அன்று காலையில் அத்தை பட்டுப்புடவை கட்டி, வளையல் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, சொன்னபடியே மஞ்சக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். தட்டில் கண்ணாடி வளையல் அடுக்கடுக்காக. சிதம்பரம் பஸ் தூரத்தில் வருகிறது. அதற்கு முன்னால் எங்கள் பச்சை வண்டி வருகிறது. மாமா தலையை வெளியே நீட்டவில்லை. கத்தவில்லை. நெற்றியில் வேர்வை. கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. வண்டி மெதுவாகி, மெதுவாகி, அத்தையின் கால் கட்டைவிரலுக்கு நேராகக் கதவு வருகிற மாதிரி நின்றது. நின்றதே தெரியவில்லை. பின்னால் ஒரு கரண்டி கூடச் சத்தம் போடவில்லை.

நான் பழக்கத்தில் குதித்துவிட்டேன். கையில் எதுவும் இல்லை.

"கட்டை எங்க?" என்றார் அத்தை.

"அடுப்புல வெச்சிட்டேன், ராஜி" என்றார் மாமா. "நேத்து வென்னீரு அதுலதான் காஞ்சிது."

பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அத்தை பஸ்சைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா முன்னால் ரோட்டைப் பார்த்தார், திரும்பிப் பார்க்கப் பயம். அத்தை வளையல் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ம். வளையல் ஒண்ணு ஒடஞ்சாகூட எறங்கிருவேன்" என்றார்.

மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முன்னால் ரெண்டு பேருக்குத்தான் இடம். பின்னால் அண்டா அடுப்பு.

"மாப்ள..." என்று இழுத்தார் மாமா.

"போங்க மாமா. நான் பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்சில் ஏறினேன்.

அவர்கள் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக இறங்கினதையும், சம்பந்தியம்மாள் ஆரத்தி எடுத்ததையும், செல்வி அழுதுகொண்டே சிரித்ததையும் நான் பார்க்கவில்லை. என் பஸ் லேட். வளையல் ஒன்றுகூட உடையவில்லை என்று அப்புறம் சொன்னார்கள்.

நான் பார்த்தது வேறு. மாமா டீக்கடையில் நிறுத்தி, முதல்முறையாக நின்ற வண்டியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினதால், எங்கள் பஸ் அவர்களுக்கு முன்னால் போய்விட்டது. புதுச்சத்திரம் தாண்டி நடுரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். பின்னால் பாத்திரம் குலுங்குகிற சத்தம். வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். பச்சை வண்டி பக்கவாட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. மாமா சமர்த்தாக ரெண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்க ஜன்னலில் பட்டுப்புடவை பறக்க, ஒரு கையால் வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டி ஆட்டி, பஸ் டிரைவரைப் பார்த்து அத்தை கத்திக்கொண்டு வந்தார்.

"தள்ளிக்கோ! தள்ளிக்கோ! தள்ளிக்கோ!"

பஸ் ஒதுங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நானும் என்னையறியாமல் கொஞ்சம் தள்ளிக்கொண்டேன்.